இடிமுகிலுக்குள் அகப்பட்டால்...

சிறு விமானம் ஓட்டிச் செல்பவர் தெரியாமல் இடிமுகிலுக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்வார்? வந்த வழியே திரும்பத்தான் மனம் உந்தும். நம்மில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் உள்ளே போனபின் திரும்பாதே என்பதுதான் விமானோட்டிகளுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை.

காரணம் இதுதான். விமானம் சரிந்துதான் திரும்பும். சரியும்போது இறக்கைகள் தாங்கும் பாரம் கூடும். உயரம் குறையாமல் 60 பாகை சரிந்து திரும்பினால் அந்தப் பாரம் இரண்டு மடங்காகிவிடும். அதோடு புயற்காற்றின் அடியும் சேர்ந்தால் இறக்கை முறியலாம். நேரே போவதுதான் பெரும்பாலும் விரைவாக வெளியேறும் வழி.

அடுத்தது வேகம். தொழிற்சாலையில் இயந்திரம் தாறுமாறாக அதிர்ந்தால் நாம் வேகத்தைக் குறைப்போம் அல்லவா? இங்கும் அதேதான். ஒவ்வொரு விமானத்துக்கும் 'மனூவரிங் ஸ்பீட்' என்று ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே பறந்தால், திடீரென மேலெழும் காற்று மோதும்போது இறக்கை முறியுமுன் தூக்குவிசையை இழந்து பாரத்தை விட்டுவிடும். விமானத்தில் பாரம் குறைவென்றால் இந்த எல்லையும் குறையும்.

மூன்றாவது, உயரத்துக்காகக் காற்றோடு மல்லுக்கட்டக் கூடாது. காற்று தூக்கினால் எழும்பட்டும், அமுக்கினால் இறங்கட்டும். இறக்கைகளை மட்டமாகவும் மூக்கைச் சமநிலையிலும் வைத்திருந்தால் போதும். உயரத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் கருவியை நிறுத்திவிட வேண்டும். இருக்கைப் பட்டியை இறுக்கி, மின்னல் கண்ணைப் பறிக்காதபடி உள்விளக்குகளை முழு வெளிச்சத்தில் வைத்து, பார்வையைக் கருவிகளிலேயே பதிக்க வேண்டும்.

இத்தனையும் தெரிந்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஒலியின் இரு மடங்கு வேகத்தில் 1953 இல் முதன்முதலாகப் பறந்தவர் அமெரிக்கரான ஸ்கொட் குரொஸ்பீல்ட். அவரே 2006 ஏப்ரல் 19 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் மேலே, தமது செஸ்னா 210 விமானத்தோடு இடிமுகிலில் அகப்பட்டு 84 வயதில் உயிரிழந்தார். வழியில் அவர் புதிய வானிலைத் தகவல் பெறவில்லை, தரைக் கட்டுப்பாட்டாளரும் விலகிச்செல்ல உதவவில்லை என்று விசாரணை கூறியது.

ஆகவே கடும் இடிமுகிலிலிருந்து குறைந்தது 20 மைல் விலகிப் பறக்க வேண்டும். வானிலை சரியில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். பறக்கப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இதையே முதலில் சொல்லிவைப்போம்.