வடிவமைத்த பின்னும் வன்தட்டில் எஞ்சுவது

தளர்ந்துபோன கணினியை வடிவமைத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது இன்று ஊரெங்கும் நடக்கும் வேலை. கடைத்தெருவில் அதைப் ‘பார்மேட் அடித்து ஓ.எஸ். போடுவது’ என்பார்கள். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டை விரைவு முறையில் வடிவமைக்கச் சில நொடிகள் போதும். அதே வன்தட்டின் ஒவ்வோர் இடத்திலும் சுழியம் எழுத வேண்டுமானால், நொடிக்கு 150 மெகாபைட் என ஓயாமல் எழுதினாலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். நொடிகளில் முடிந்துவிட்ட வேலை, தரவில் மிகப் பெரும்பகுதியைத் தொடவே இல்லை என்பதை இந்தக் கணக்கு ஒன்றே காட்டிவிடும்.

இதை அறியாததால் இருவகைத் துன்பங்கள் நேர்கின்றன. பழைய கணினியை விற்பவர் எல்லாம் அழிந்துவிட்டதென்று நம்பித் தம் வங்கிக் கணக்கையும் குடும்பப் படங்களையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிடுகிறார். தவறுதலாக வடிவமைத்தவரோ, மீட்கக்கூடிய படங்களையும் போனவை போனவையே என்று கைவிடுகிறார். வன்தட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இவ்விருவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

வன்தட்டினுள் அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றின்மேல் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கிறது. மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அப்போது தகட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான விரைவில் செல்கிறது. அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் அழுத்தத்தால் தாங்கப்பட்டு, படிக்கவும் எழுதவும் வல்ல முனை மிதக்கிறது. படலத்தில் காந்தத்திசை எங்கே மாறுகிறது, எங்கே மாறவில்லை என்பதை அது உணர்ந்து, ஒன்றும் சுழியமுமாகத் தருகிறது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் கலிபோர்னியாவின் சான் ஓசே ஆய்வகத்தில் உருவாக்கிய ராமாக் கணினியின் வட்டகத்தில் (டிரைவ்), 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. அன்றிலிருந்து அளவுகள் எத்தனையோ மடங்கு மாறிவிட்டன; அடிப்படை மாறவில்லை. ஓரிடத்தில் பதிந்த காந்தத்திசை, வேறொரு புலம் வந்து அதைத் திருப்பும்வரை ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும்.

வெறும் காந்தப் பரப்பில் எதையும் தேடிப் பிடிக்க முடியாது. எனவே தகடு முதலில் வட்டத் தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் சிறு கூறுகளாகவும் வகுக்கப்படுகிறது. ஒரு கூறு நெடுங்காலம் 512 பைட்டுகளாக இருந்தது. இன்றைய வன்தட்டுகள் பலவற்றில் 4,096. இவ்வாறு வகுப்பதே கீழ்நிலை வடிவமைப்பு. 1980இல் வெளிவந்த 5 மெகாபைட் எஸ்டி-506 போன்ற தொடக்ககால வட்டகங்களில் இதைப் பயன்படுத்துவோரே செய்துகொண்டனர். இப்போது தடங்களின் வழிகாட்டிக் குறிகள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படுகின்றன. வீட்டிலோ கடையிலோ நாம் செய்வது மேல்நிலை வடிவமைப்பு; அதாவது, எந்தக் கோப்பு எந்தெந்தக் கூறுகளில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணையைப் புதிதாக எழுதி வைப்பது.

கிராமக் கணக்கில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக என்ன பயிர் என்று அடங்கல் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அந்தப் பதிவேடு தீக்கிரையானால் வயலில் நிற்கும் நெல் கருகிவிடாது. விரைவு வடிவமைப்பில் எரிவதும் பதிவேடே.

இதைச் சற்று அருகே சென்று காணலாம். மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டானல்டு என்பார் 1977இல் வகுத்த ஃபேட் என்னும் கோப்பு முறைமையின் வழிவந்தவை இன்றும் விரலிகளிலும் ஒளிப்படக் கருவியின் நினைவட்டைகளிலும் வாழ்கின்றன. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டு நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. முதல் எட்டுப் பைட்டுகள் பெயர். அடுத்த மூன்று, பெயரின் பின்னொட்டு. இறுதி நான்கு, கோப்பின் அளவு. இடையே நாள், நேரம், கோப்பு தொடங்கும் இடத்தின் எண் ஆகியன. தொடக்கத்திலிருந்து அடுத்தடுத்து எங்கே செல்வது என்பதை வேறோர் அட்டவணை சங்கிலிபோல் தொடர்ந்து காட்டும். ஒரு கோப்பை நீக்கும்போது பெயரின் முதல் பைட்டில் 229 என்னும் எண் எழுதப்படுகிறது; சங்கிலிக் கண்ணிகள் சுழியமாக்கப்படுகின்றன. மற்றவை பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். மீட்பு மென்பொருள்கள் பழைய கோப்புகளைக் காட்டும்போது பெயரின் முதலெழுத்து மட்டும் காணாமற்போயிருப்பதன் காரணம் இதுவே.

விரைவு முறையில் முழு அட்டையையும் வடிவமைத்தால் சங்கிலி அட்டவணையும் தலைமைக் கோப்புறையும் வெறுமையாகும். ஆனால் உட்கோப்புறைகளின் பதிவுகள் தரவுப் பகுதியினுள்ளேயே இருப்பதால் அவை தப்பிவிடும். ஒளிப்படக் கருவி தன் படங்களை எப்போதும் உட்கோப்புறையில்தான் இடுகிறது. அப்பதிவும் அழிந்துபோனால்கூட வழி உண்டு. ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்னும் மூன்று பைட்டுகளில் தொடங்கி, 255, 217 என்னும் இரண்டில் முடியும். அட்டவணையைப் பாராமல் முதற்கூறு முதல் கடைசிக் கூறு வரை படித்து, இந்தக் குறிகளைக் கொண்டே படங்களை அகழ்ந்தெடுக்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பெயரும் நாளும் போய்விடும், முகங்கள் மீண்டுவிடும். ஒரு படம் பல இடங்களில் துண்டுபட்டுக் கிடந்தால் பாதியோடு நின்றுவிடுவதும் உண்டு.

ஆகவே தவறுதலாக வடிவமைத்துவிட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த வட்டகத்தில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் நிறுத்துவது. மீட்பு மென்பொருளைக்கூட அதிலேயே நிறுவலாகாது. மீட்ட கோப்புகளையும் வேறொரு வட்டகத்தில்தான் வாங்க வேண்டும். பதற்றத்தில் அதன்மேலேயே இயங்குதளத்தையும் நிறுவிவிடுவோர் பலர். புதிய இயங்குதளம் தன் இருபது, முப்பது கிகாபைட்டுகளை எந்தெந்தக் கூறுகளில் எழுதியதோ, அவற்றிலிருந்த பழைய தரவு மீளவே மீளாது.

எஞ்சுவது எவ்வளவு என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களான சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு எவரும் மறுக்க முடியாதபடி காட்டியது. 2000ஆம் ஆண்டின் இறுதி முதல் 2002 வரை அவர்கள் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கினர். படிக்க முடிந்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடனட்டை எண்கள் ஐயாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. மருத்துவக் குறிப்புகளும், தனி மடல்களும் கிடைத்தன. ஒரு வன்தட்டு முன்பு பணம் வழங்கும் எந்திரத்துள் இருந்தது. ஓராண்டுக் காலப் பணப் பரிமாற்றங்கள் கணக்கு எண்களோடு அதிலேயே கிடந்தன. உரியவர்களில் பலர் தம் வன்தட்டை வடிவமைத்துத்தான் விற்றிருந்தனர். அழித்துவிட்டதாக இயங்குதளமே அவர்களிடம் சொல்லியிருந்தது. வடிவமைத்தால் அனைத்தும் அழியும் என்று எச்சரித்துவிட்டு, அழிக்காமலே விட்ட மென்பொருளைச் செய்தவர்களுக்கு இதில் பெரும்பங்கு பொறுப்பு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

‘முழு வடிவமைப்பு’ என்று தனியே ஒன்று இருந்தும், விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை அது கூறுகளைப் படித்துப் பழுது இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி. விஸ்டா முதற்கொண்டுதான் முழு வடிவமைப்பு வட்டகம் முழுதும் சுழியம் எழுதலாயிற்று. இன்று காந்த வன்தட்டுக் கணினியை விற்க எண்ணுபவர் விரைவுக் குறியை நீக்கிவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தைச் செலவிடுவதே முறை.

ஒருமுறை சுழியம் எழுதினால் போதுமா? ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் குட்மன் 1996இல் வெளியிட்ட கட்டுரையில், அக்காலத்தில் வழங்கிய பலவகைப் பதிவு முறைகளையும் கருத்திற்கொண்டு, 35 முறை மேலெழுதும் ஒரு வரிசையை முன்வைத்தார். அது நாளடைவில் மந்திரம்போல் ஓதப்படலாயிற்று. புதிய வன்தட்டுகளுக்கு அந்த 35 முறையும் வேண்டியதில்லை என்று அவரே பின்னர் எழுதினார். 2001க்குப் பின் உருவான, 15 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டுகளுக்கு ஒரே முறை மேலெழுதுவது போதும் என்று அமெரிக்கத் தேசியத் தர நிறுவனமும் 2006இல் வழிகாட்டியது. தடங்கள் அவ்வளவு நெருங்கிவிட்டதால், புதிய காந்தத்திசைக்கு அடியில் பழையதன் சுவடு படிக்கத்தக்க அளவில் எஞ்சுவதில்லை. பழுதென்று வன்தட்டே ஒதுக்கிவைத்த சில கூறுகள் மட்டும் இயங்குதளத்தின் கைக்கு எட்டாதவை.

இனி, புதிதாக நிறுவும் வேலை. கணினிக்கு மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். பழைய முறையில் அது வன்தட்டின் முதற்கூறான 512 பைட்டுகளைப் படிக்கும். அதில் 446 பைட்டு தொடக்க நிரல். 64 பைட்டு, நான்கே பிரிவுகளுக்கு இடந்தரும் அட்டவணை. கடைசி இரண்டும் 85, 170 என்னும் முத்திரை எண்கள். இருப்பிடத்தைக் குறிக்க 32 துணுக்குகளே (பிட்) இருந்ததால், 512 பைட்டுக் கூறுகளைக் கொண்டு 2 டெராபைட்டுக்கு அப்பால் அந்த முறையால் எண்ண இயலவில்லை. இப்போதைய முறையில் வழக்கமாக 128 பிரிவுகள் வரை இடமுண்டு. அட்டவணையின் நகல் ஒன்று வட்டகத்தின் கோடியிலும் எழுதப்படுகிறது. நிலைபொருள் அதைப் படித்து, ஃபேட் முறையில் அமைந்த ஒரு சிறு பிரிவிலிருந்து தொடக்க நிரலை எடுக்க, அது இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்ற, கரு மற்ற அனைத்தையும் எழுப்புகிறது. நிறுவும் மென்பொருள் செய்வது இந்தச் சங்கிலியை வன்தட்டில் மீண்டும் கட்டுவதுதான். இயங்குதளத்தின் அமைப்புப் பதிவேட்டில் சேர்ந்த குப்பைகளும், கணினியோடு தாமே எழும் தேவையற்ற நிரல்களும், கோப்புகளில் ஒளிந்த நச்சுநிரல்களும் அதில் கழிகின்றன.

கழியாதவையும் உள. வன்தட்டே தேய்ந்துவருகிறதென்றால் நிறுவல் வீண்வேலை. தன் நலம் பற்றி வன்தட்டு தானே வைத்திருக்கும் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்; ஒதுக்கப்பட்ட கூறுகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், தரவைப் படியெடுத்துக்கொண்டு வேறு வட்டகம் வாங்குவதே அறிவு. எடுத்த படியில் சில கோப்புகளையாவது வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் வடிவமைப்பில் கைவைக்க வேண்டும். நிலைபொருளில் குடியேறும் நச்சுநிரலும் இந்த மருந்துக்குக் கட்டுப்படாது. 2018இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த லோஜாக்ஸ், தாய்ப்பலகையில் நிலைபொருள் உள்ள நினைவகத்திலேயே தங்கி, வன்தட்டை மாற்றினாலும் திரும்ப வந்து தொற்றியது. தாய்ப்பலகையின் நிலைபொருளைத் தூய நகலால் மீள எழுதினால்தான் அது நீங்கும்.

புதிய மடிக்கணினிகளில் காந்தத் தகடே இல்லை; மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் திண்மநிலை வட்டகம் உள்ளது. இதில் நடப்பது வேறு. எழுதிய இடத்தின்மேல் நேரே திருப்பி எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று ஓர் எல்லை உண்டென்பதால், உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி, எழுத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் பரப்பிக்கொண்டே இருக்கிறது. கணினி ‘இந்த இடத்தில் எழுது’ என்றாலும் உண்மையில் எழுதப்படுவது வேறோர் இடம். எனவே மேலெழுதி அழிக்கும் பழைய முறை இங்கே நம்பத்தக்கதன்று. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதைச் சோதித்தே காட்டினர். உள்ளமைந்த அழிப்புக் கட்டளையைக்கூடச் சில வட்டகங்கள் சரிவர நிறைவேற்றவில்லை என்றும் அவர்கள் கண்டனர்.

மறுபக்கம், விண்டோஸ் 7 முதல், விரைவு வடிவமைப்பின்போது ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று இயங்குதளம் வட்டகத்துக்கு அறிவித்துவிடுகிறது. கட்டுப்படுத்தி ஓய்வு நேரத்தில் அவற்றை மெய்யாகவே துடைக்கும். காந்தத் தட்டில் கைகொடுத்த மீட்பு மென்பொருள், பெரும்பாலான திண்மநிலை வட்டகங்களில் வெறும் சுழியங்களையே காணும். மீட்கும் நம்பிக்கையை இங்கே குறைத்துக்கொண்டு, முன்னதாகப் படியெடுப்பதில் கூடுதல் கருத்துச் செலுத்துவது நலம்.

இத்தகைய வட்டகத்துக்குப் பொருத்தமான வழி மறையாக்கம். தொடக்கம் முதலே எல்லாத் தரவும் ஒரு மறைச்சாவியால் பூட்டப்பட்டே எழுதப்படுமானால், விற்கும் நாளில் அந்தச் சாவியை அழித்தாலே போதும். அதன் நீளம் பெரும்பாலும் 256 துணுக்குகள், அதாவது 32 பைட்டு. அவை போனபின் முழு டெராபைட்டும் பொருளற்ற எண்களாகிவிடும். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகள், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது பல கணினிகளில் இந்தப் பூட்டைத் தாமாகவே போட்டுவிடுகின்றன. போடப்பட்டதே பலருக்குத் தெரிவதில்லை. நிலைபொருளைப் புதுப்பித்த பிறகோ தாய்ப்பலகையை மாற்றிய பிறகோ, 48 இலக்க மீட்பு எண்ணைத் தருமாறு கணினி திடீரெனக் கேட்கக்கூடும். அது இல்லையேல் சாவி இல்லை, சாவி இல்லையேல் எந்த மீட்புக் கடையாலும் உதவ முடியாது. புதிதாக நிறுவி முடித்த அன்றே அந்த எண்ணைத் தேடியெடுத்து, தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும்.