லிங்கியூ: ஏக்கருக்கு 497 ரிங்கிட்

ஜொகூர் மாநிலம், கோத்தா திங்கி வட்டாரத்தில் லிங்கியூ ஆற்றின் மேல்பகுதிக் காடு. பரப்பு 53,273 ஏக்கர். ஹெக்டேரில் சுமார் 21,560. ஜக்கூன் பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் காட்டுப் பொருள் சேகரித்தும் பிழைத்த இடம். நிலப் பட்டாவான கிராண்டு எவரிடமும் இல்லை. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, தோட்டம் கைமாறியபோது மூட்டை கட்டிய நம் குடும்பங்களுக்கு இந்த நிலை புரியும். சட்டத்தில் இரண்டும் வேறு என்றாலும்.

இந்த நிலம் அணைக்காக எடுக்கப்பட்டதில் மூன்று தொகைகள் கணக்கில் வருகின்றன. முதல் தொகை 32 கோடி ரிங்கிட். 1990 நவம்பர் 24 அன்று ஜொகூர் அரசும் சிங்கப்பூர் பொதுப் பயனீட்டுக் கழகமும் லிங்கியூ அணைக்கு ஒப்பந்தம் செய்தன. நிலத்தின் பயன்பாட்டையும் அதிலிருந்து வரும் வருவாயையும் நிரந்தரமாக இழப்பதற்கு மாநிலத்துக்குக் கிடைத்த ஈடு இது. 53,273-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 6,007 ரிங்கிட். குத்தகை நிலத்துக்கு 2061 வரையிலான காலத்துக்கு ஹெக்டேருக்கு 18,000 ரிங்கிட், அதாவது ஏக்கருக்குச் சுமார் 7,284 ரிங்கிட், முன்பணமாகத் தனியே பேசப்பட்டது.

இரண்டாவது தொகை 560,535 ரிங்கிட். பூர்வகுடியினர் விவகார இலாகா மரங்களுக்கும் பயிர்களுக்கும் ஈடாகக் கொடுத்தது. மாநிலம் பெற்ற 32 கோடியில் இது 0.175 விழுக்காடு, பரப்பின் மேல் பரப்பினால் ஏக்கருக்கு 10 ரிங்கிட் 52 சென். 1954-ஆம் ஆண்டுப் பூர்வகுடியினர் சட்டத்தின் 11-ஆவது பிரிவு பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் ஈடு கேட்க வழி வைத்திருக்கிறது. குடிசையோரம் நட்ட டுரியானை எண்ணி எழுதலாம். பிரம்புக்கும் ஆற்று மீனுக்கும் பன்றித் தடத்துக்கும் அந்தப் பேரேட்டில் கட்டம் இல்லை. 12-ஆவது பிரிவோ, மாநில அரசு ஈடு 'கொடுக்கலாம்' என்றுதான் சொல்கிறது. கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

மூன்றாவது தொகை நீதிமன்றம் போட்டது: 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட். 52 குடும்பத் தலைவர்கள் ஜொகூர் அரசின் மேல் தொடுத்த வழக்கில் 1996-இல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மொக்தார் சிடின் தீர்ப்பளித்தார். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. போதிய ஈடின்றிச் சொத்தை எடுக்கச் சட்டம் இடம் தரக்கூடாது என்பது கூட்டரசு அரசமைப்பின் 13-ஆவது விதி. அந்த விதிக்கு முன்னால் 12-ஆவது பிரிவின் 'கொடுக்கலாம்' நிற்கவில்லை. மரபுவழி உரிமைக்கு ஆஸ்திரேலியாவின் 1992 மாபோ தீர்ப்பும் துணைக்கு வந்தது.

ஐந்து இழப்புகள் கணக்கில் ஏறின: மரபு நிலம், குடியிருக்கவும் நடமாடவும் உள்ள சுதந்திரம், காட்டு விளைபொருள், தமக்கும் நெருங்கிய குடும்பத்துக்குமான வருங்காலப் பிழைப்பு, சந்ததிக்கான பிழைப்பு. மரக்கணக்கைவிட 47 மடங்கு. ஆனால் ஏக்கருக்கு 497 ரிங்கிட்தான். மாநிலம் பெற்ற 32 கோடியில் 8.3 விழுக்காடு. காரணம் இருக்கிறது. நிலத்தின் மேல் வாழும் உரிமை இவர்களுக்கு உண்டு, நிலம் இவர்களுடையதல்ல என்பது தீர்ப்பின் நிலை. ஆகவே நிலத்தின் விலை அந்தத் தொகையில் சேரவில்லை. ஏக்கருக்கான 6,007, 497 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைக்கும்போது இதை மறக்கக்கூடாது.

தண்ணீரை அளவுகோலாக்கியும் பார்க்கலாம். 1962 தண்ணீர் ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை ஜொகூர் ஆற்று நீரை எடுக்கலாம். 1,000 கேலனுக்கு 3 சென். முழு அளவும் எடுத்தால் நாளுக்கு 7,500 ரிங்கிட், ஆண்டுக்கு 27 லட்சத்து 37,500 ரிங்கிட். இந்தக் கணக்கில் மரங்களுக்குக் கொடுத்தது 75 நாள் தண்ணீர்க்காசு. நீதிமன்றத் தொகை 9.7 ஆண்டுக் காசு. மாநிலத்தின் 32 கோடி, 117 ஆண்டுக் காசு.

நில உரிமையே உண்டு என்று ஆனால் எண் எப்படி மாறும்? சிலாங்கூர், டெங்கிலில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் பூர்வகுடி மக்களிடமிருந்து எடுத்தது 38 ஏக்கர் சொச்சம். சாகோங் தாசி வழக்கில் 2002-இல் உயர்நீதிமன்றம், நிலத்திலேயே அவர்களுக்கு உரிமை உண்டு, 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி ஈடு தரவேண்டும் என்றது. 2005-இல் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பும் அதை ஏற்றது. 2010-இல் 65 லட்சம் ரிங்கிட்டுக்குச் சமரசம்: ஏக்கருக்கு ஏறக்குறைய 170,000 ரிங்கிட், லிங்கியூவைப்போல் சுமார் 340 மடங்கு. தலைநகரை ஒட்டிய மண்ணும் உள்காடும் ஒன்றல்ல. இடையில் 12 ஆண்டு விலைவாசியும் உண்டு. இந்த 340 மடங்கில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த எண்கள் போதா.

2 கோடியே 65 லட்சத்தை 52-ஆல் வகுத்தால் குடும்பத்துக்கு 509,615 ரிங்கிட். பெரிய தொகையாகத்தான் தெரிகிறது. ஐந்தாவது இழப்பு சந்ததியின் பிழைப்பு என்பதால், 1998 முதல் தண்ணீர் ஒப்பந்தம் முடியும் 2061 வரை 63 ஆண்டுக்குப் பரப்புவோம், வட்டியைச் சேர்க்காமல். ஆண்டுக்கு 8,089 ரிங்கிட், மாதத்துக்கு 674. தீபகற்பத்தில் 2013-இல் வந்த முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 ரிங்கிட். 2025-இல் அது 1,700.