மீனை மட்டுமல்ல... மீன் பெட்டியையும் கொஞ்சம் பாருங்க!

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்போம்; கண் தெளிவாக இருக்கா, சதையை அழுத்தினால் குழி விழுதா என்று சோதிப்போம். ஆனால், அந்த மீன் கிடந்த பெட்டியை என்றைக்காவது கவனித்திருக்கிறோமா?

பிளாஸ்டிக் பெட்டிகள் வந்துவிட்டாலும், மரப்பெட்டிகள் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. மரத்தில் என்ன சிக்கல்? அது ஈரத்தை உறிஞ்சும். மீனின் ரத்தமும் வழவழப்பும் பலகையின் நுண்துளைகளிலும் ஆணி அடித்த இடுக்குகளிலும் இறங்கிவிடும். நேற்றைய மிச்சத்தில் வளர்ந்த பாக்டீரியா, இன்றைய மீனில் ஏறிக்கொள்ளும்.

ஐஸும் குறைந்தால் ஆபத்து கூடும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களில் சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமைனை உருவாக்கும். முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு வரலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமைன் அழியாது.

'பிளீச்சிங் பவுடரைத் தூவினா போதும்'னு நினைக்காதீங்க. அழுக்கின் மேல் போட்டால், குளோரினின் சக்தி அந்த அழுக்கிலேயே தீர்ந்துபோகும், கிருமி தப்பிவிடும். அதனால் வரிசைதான் முக்கியம்.

1. பெட்டி காலியானதும், காயவிடாமல் பச்சைத் தண்ணீரில் அலசுங்க. எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் ரத்தம் உறைந்து மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். துறைமுகத்துக்குள் தேங்கிய தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

2. சோப்புத்தூள் கரைசல் ஊற்றி, கெட்டியான பிரஷ்ஷால் இடுக்குவரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்க.

3. 10 லிட்டர் தண்ணீரில் 6 முதல் 7 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 10 நிமிடம் விடுங்க. கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்கணும்.

4. மறுபடி அலசி, கவிழ்த்துச் சாய்த்து, வெயிலில் முழுசாகக் காயவையுங்க. ஈரப் பெட்டிகளை அடுக்கி வைத்தால் செய்த வேலை வீண்.

வீட்டில் மீன் நறுக்கும் மரப்பலகைக்கும் இதே வரிசைதான். ஒரே ஒரு எச்சரிக்கை: வாடை போகட்டும் என்று பிளீச்சிங் தண்ணீரில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்துடாதீங்க. குளோரின் என்ற விஷவாயு கிளம்பும்.

கழுவிக் காய்ந்த பிறகும் பெட்டியில் நாற்றம் அடித்தாலோ, பலகை பிளந்திருந்தாலோ யோசிக்காதீங்க. அதற்கு ஓய்வு கொடுக்கும் நேரம் வந்தாச்சு!