விரல் வைத்தால் எரியும் விளக்கு

மிக்ஸி ஓடவில்லையா, வீட்டில் உடனே தேடப்படுவது டெஸ்டர். தையல் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவே கிடக்கும். அதன் முனையைப் பிளக் பாயின்ட்டின் வலப்பக்க ஓட்டையில் விட்டு, பின்பக்க உலோகக் குமிழில் விரலை வைக்கிறோம். கைப்பிடிக்குள் செம்மஞ்சளாய் ஒரு பொட்டு வெளிச்சம். "கரண்ட் வருது" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த வெளிச்சத்துக்கான மின்சாரம் எந்த வழியாகப் போனது? லைனிலிருந்து டெஸ்டருக்கு, டெஸ்டரிலிருந்து விரலுக்கு, விரலிலிருந்து உடம்பு வழியாகத் தரைக்கு. அந்த நேரத்தில் நாமே ஓர் ஒயராக நிற்கிறோம். 230 வோல்ட் நம்மோடு தொடர்பில் இருக்கிறது. ஆனால் ஒரு சுரீர் கூட இல்லை.

டெஸ்டரைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டுக் குமிழைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பேனா ரீஃபில் போல உள்ளேயிருந்து மூன்று பொருள்கள் வழுக்கி வரும்: ஒரு குட்டி ஸ்பிரிங், சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிய கண்ணாடிக் குமிழ், ஒரு மின்தடை. நம் உயிரைக் காப்பது இந்தத் தடைதான். என்னிடம் உள்ள டெஸ்டரில் அதன் மேல் பழுப்பு, கறுப்பு, பச்சை என்று வளையங்கள் இருக்கின்றன. மின்னணுக்காரர்களின் நிறக்கணக்கில் அதற்குப் பொருள் 10 லட்சம் ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் கிடைப்பது 0.23 மில்லிஆம்பியர். மின்சாரம் பாய்வதை விரல் உணர வேண்டுமானால் ஏறத்தாழ 1 மில்லிஆம்பியராவது வேண்டும். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் கைத்தசை இறுகிப் பிடித்த ஒயரை விட முடியாமல் போகும். வீட்டு மெயின் பெட்டியில் உள்ள ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டது. டெஸ்டரில் பாய்வது இவை எல்லாவற்றுக்கும் வெகு கீழே. அந்தத் தடை தொலைந்துபோய், அதன் இடத்தில் யாராவது கம்பித்துண்டை வைத்தால் அது டெஸ்டர் இல்லை. நேராக லைனில் விரல் வைப்பதுதான். ஈரம் புகுந்த டெஸ்டரைத் தூக்கி எறியச் சொல்வதும் இதனால்தான். தண்ணீர் அந்தத் தடையைச் சுற்றிக் குறுக்குவழி போட்டுவிடும்.

இவ்வளவு சொற்ப மின்சாரத்தில் எந்த விளக்கு எரியும்? இழை வைத்த பல்பு எரியாது. அதற்கு நியான் வேண்டும்.

1898-ல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, மெதுவாக ஆவியாக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பிரிந்த ஒரு வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சியதும் குழாய் செக்கச்செவேல் என்று எரிந்தது. அதற்கு முன் யாரும் பார்த்திராத நிறமாலை. ராம்சேயின் மகன் 'புதியது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பெயராகச் சொல்ல, தந்தை அதைக் கிரேக்கமாக்கி நியான் என்று வைத்தார். காற்றில் 10 லட்சம் பங்குக்கு 18 பங்குதான் நியான். ஆனாலும் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள அறையில் அரை லிட்டர் நியான் இருக்கிறது. நீங்கள் இப்போது இழுக்கும் மூச்சிலும் இருக்கிறது.

கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு கம்பிகள் எதிரெதிரே நிற்கின்றன, ஒன்றையொன்று தொடாமல். இடையில் நியான், கூடச் சிறிது ஆர்கான். சுமார் 60, 70 வோல்ட் வரை ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டியதும், வாயுவில் தற்செயலாகத் திரியும் ஓரிரு எலெக்ட்ரான்கள் வேகமெடுத்து அணுக்கள்மேல் மோதி, அவற்றிலிருந்து வேறு எலெக்ட்ரான்களைப் பெயர்க்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகிறது. அடிபட்ட அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது அந்தச் செம்மஞ்சளை உமிழ்கின்றன. இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரியில் டெஸ்டர் எரியாததன் காரணமும் இதுவே.

எனக்கு நெடுநாள் விளங்காதிருந்த ஒன்று உண்டு. வெறுங்காலோடு தரையில் நின்றால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்றால் மங்குகிறது, ஆனால் அணைவதில்லை. சுற்று முழுமை பெறாவிட்டால் மின்சாரம் ஓடாது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர் மாற்றுவோமே, விடை அதில் இருக்கிறது. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத பொருள்: கண்டென்சர் என்பது அவ்வளவுதான். நாற்காலியில் நிற்கும் நம் உடம்பு ஒரு தகடு, தரை மறு தகடு, நடுவில் பிளாஸ்டிக்கும் காற்றும். நாமே ஒரு கண்டென்சர். ஃபேனில் இருப்பது 2.5 மைக்ரோஃபாரட் என்றால் நாம் அதில் சுமார் 25,000-ல் ஒரு பங்கு. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. ஊஞ்சல் எங்கும் போய்ச் சேர்வதில்லை, ஆடிக்கொண்டிருக்கிறது. எலெக்ட்ரான்களும் அப்படியே நம் உடம்புக்குள் வந்து வந்து திரும்புகின்றன. ஓடுவது 0.007 மில்லிஆம்பியர் அளவுதான். நியானுக்கு அதுவே போதும்.

இவ்வளவு கொஞ்சத்துக்கே எரிவதால்தான் டெஸ்டர் சில நேரம் ஆளை ஏமாற்றவும் செய்கிறது. இணைப்பே இல்லாத ஒயர், ஒரே பைப்புக்குள் லைனோடு சேர்ந்து ஓடினால் அதிலும் மங்கலாக எரியும். மழைக்கால மாலை ஒன்றில் எங்கள் வீட்டில் எதுவுமே ஓடவில்லை. டெஸ்டரோ இரண்டு ஓட்டைகளிலும் எரிந்தது. வந்த ஒயர்மேன் ஒரு முறை பார்த்துவிட்டு, "நியூட்ரல் கட்டாயிருக்கு சார், மெயினை ஆஃப் பண்ணுங்க" என்றார். திரும்பிப் போக வழி இல்லாததால், சுவிட்ச் போட்டிருந்த ட்யூப்லைட் வழியாக லைனின் வோல்டேஜ் அப்படியே நியூட்ரல் ஒயருக்கும் வந்து நின்றிருக்கிறது. அன்றைக்குக் கறுப்பு ஒயர்தானே என்று தொட்டிருந்தால் அடித்திருக்கும்.

இன்னொன்றை, வைஃபை சுவிட்ச் வாங்கித் தாங்களே மாட்ட நினைக்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு லைனோடு நியூட்ரலும் வேண்டும். டெஸ்டர் லைனைக் காட்டும். எரியாத மற்ற இரண்டில் எது நியூட்ரல், எது எர்த் என்று அதற்குத் தெரியாது. எர்த்தை நியூட்ரலாக நினைத்து இணைத்தாலும் சுவிட்ச் வேலை செய்யக்கூடும். அதனால்தான் அது ஆபத்து. எர்த் ஒயர் எங்காவது அறுந்தால், ஃபிரிட்ஜின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறி நிற்கும். இந்த வேலையை உரிமம் உள்ள ஒயர்மேனிடம் விடுங்கள்.

டெஸ்டர் எரியவில்லை என்றால் மின்சாரம் இல்லை என்று பொருளல்ல. நியான் பழசாகியிருக்கலாம், ஸ்பிரிங் விலகியிருக்கலாம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆகவே, வேலை பார்க்கப்போகும் அறையின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, முதலில் மின்சாரம் உள்ள வேறொரு அறையின் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், எரிய வேண்டும். பிறகு தொடப்போகும் இடத்தில் வையுங்கள், எரியக்கூடாது. மறுபடி அந்த அறைக்கே போய் வையுங்கள். அங்கே மீண்டும் எரிந்த பிறகு ஒயரில் கை வையுங்கள்.