முட்டிக்குள் மிதக்கும் சில்லு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் தொழிலாளி, ஜி.என்.டி. சாலையில் பைக் சறுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோல்கூடக் கிழியவில்லை. ஆனால், இரண்டு மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடுகிறது. ‘சுளுக்குதான்’ என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள். இல்லாவிட்டால், ஆந்திர எல்லையைத் தாண்டி, எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போவார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் பழக்கம் இது.

அடிபட்ட சில மணி நேரத்திலேயே மூட்டு வீங்கினால், பெரும்பாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். தசைநார் அறுந்திருக்கலாம், குருத்தெலும்போடு சேர்ந்து எலும்புச் சில்லு ஒன்று பெயர்ந்திருக்கலாம். ஊசி மூலம் எடுத்த ரத்தத்தின் மேல் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் டாக்டர் உஷாராகிவிடுவார். அது எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு; மூட்டுக்குள் எலும்பு உடைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்தே சத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் பெயர்ந்த துண்டு, மிதந்தபடியே வளரவும் கூடும். ஒருநாள் படி இறங்கும்போது இடையில் சிக்கி, முட்டி ‘லாக்’ ஆகும். காலை உதறினால் விடுபடும். ‘சரியாகிவிட்டது’ என்று வேலைக்குப் போனால், அந்தத் துண்டு மூட்டின் வழவழப்பை அரித்து, இளம் வயதிலேயே தேய்மானத்தைக் கொண்டுவந்துவிடும்.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே 1558-லேயே முட்டியிலிருந்து இப்படியொரு துண்டை எடுத்தார். இன்று ஆர்த்ராஸ்கோபி மூலம் சிறு துளை வழியாகவே எடுத்துவிடலாம். பெரிய துண்டாக இருந்தால், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, இருந்த இடத்திலேயே ஸ்க்ரூ போட்டுப் பொருத்தவும் முடியும். நாள் கடந்தால் அதன் விளிம்பு மாறி, பொருந்தாமல் போகலாம்.

கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் கூடுகிற எலும்பு முறிவுகள் உண்டு. மூட்டுக்குள் மிதக்கும் துண்டை எந்தக் கட்டும் எட்டாது. எக்ஸ்ரேயிலும் எலும்புதான் தெரியும். குருத்தெலும்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு உண்டு, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது பொருந்தும். வேலையில் பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

எனவே, முட்டி வீங்கினால் நீவாதீர்கள். விபத்தைக் கம்பெனிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே, எலும்பு மருத்துவர், மற்றதெல்லாம் பிறகு.