ஒரே வயது, வேறு முதுமை

பாறை ஒரே நாளில் பொடியாவதில்லை. வெயில் காய்ச்சும், மழை நனைக்கும், காற்று அரிக்கும். ஆண்டுகள் போகப்போகத்தான் உதிரும். மனித உடலும் அப்படித்தான் தேய்கிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் அல்ல என்றார் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லைன் ஜெரோனிமஸ். 1992இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது, பாறைத் தேய்வைக் குறிக்கும் 'வெதரிங்' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்.

கொரோனாவுக்கு முந்தைய 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்க வெள்ளையரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 79 ஆண்டு, கறுப்பினத்தவருக்கு 75. இடையிலுள்ள நான்கு ஆண்டுகள் எங்கே போயின?

தெருநாய் துரத்தினால் என்ன ஆகிறது? நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, கார்டிசால் சுரக்கிறது, தசைகளுக்குச் சர்க்கரை பாய்கிறது. நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் வீடு வாடகைக்குத் தருவார்களா, காரைப் போலீஸ் மறிக்குமா, மகன் பத்திரமாகத் திரும்புவானா என்று தினமும் கவலைப்படுபவருக்கு அந்த நாய் போவதே இல்லை. ஓயாத அவசரநிலையில் ரத்தக் குழாய்கள் விறைக்கின்றன, சர்க்கரை ஏறுகிறது, இடுப்பில் கொழுப்பு சேர்கிறது. இப்படிச் சேரும் பாரத்துக்கு 1993இல் புரூஸ் மெக்யுவனும் எலியட் ஸ்டெல்லரும் 'அலோஸ்டேட்டிக் சுமை' என்று பெயரிட்டார்கள்.

தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு ஜெரோனிமஸ் குழு இந்தச் சுமையை அளந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. எல்லா வயதிலும் கறுப்பினத்தவருக்கே சுமை கூடுதல். நடுவயதில் இடைவெளி இன்னும் அகலம். சுமை மிகுந்தவர்கள் ஏழைக் கறுப்பினப் பெண்கள். அடுத்த இடத்தில் இருந்தவர்கள் ஏழை வெள்ளையர் அல்லர். வறுமையில் இல்லாத கறுப்பினப் பெண்கள்! பணம் வந்தும் பாரம் இறங்கவில்லை. முதுமையில் வர வேண்டிய நோய் நடுவயதிலேயே வாசலுக்கு வந்துவிடுகிறது.

எல்லாம் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை வைத்து 1997இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெண்களின் குழந்தைகள், எடையில் அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளைவிட வெள்ளையர் குழந்தைகளுக்கே நெருக்கமாக இருந்தன. பூர்விகம் ஒன்று, வளர்ந்த மண் வேறு.

மனிதர் சுமத்திய பாரத்தை மனிதரால் இறக்கவும் முடியும். 65 வயது கடந்தவர்களுக்கான மெடிகேர் காப்பீடு 1966 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, நோயாளிகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் மருத்துவமனைக்குப் பணம் கிடையாது என்றது அரசு. சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தனி வார்டுகளைக் கைவிட்டன.