கேசுவாலிட்டி டாக்டர் என்று நாம் கடந்து போகிறவர்

நம் வீட்டுப் பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்ததும் வருகிற கேள்வி, "மேற்படிப்பு எதில்?" என்பதுதான். இதயம், குழந்தை நலம், மகப்பேறு என்றால் மகிழ்கிறோம். "அவசர சிகிச்சை மருத்துவம்" என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. "கேசுவாலிட்டி டூட்டி பார்க்க மூன்று வருடப் படிப்பா?" என்கிறோம். பெற்றோரையும் குறை சொல்ல முடியாது. இந்திய மருத்துவக் கவுன்சில் இதைத் தனித் துறையாக ஏற்றதே 2009-ல்தான்.

ஆனால் இந்தத் துறை யாருக்குத் தேவையோ இல்லையோ, கம்பம் பள்ளத்தாக்குக்குத் தேவை. கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதற்கும் அப்பால், ஆண்டிபட்டி சாலையில் கானாவிலக்கில் இருக்கிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகளில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அன்றாடம் ஓடுகின்றன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத் தீயில் சிக்கியவர்களை முதலில் ஏந்தியவை போடி, தேனி அரசு மருத்துவமனைகள்தாம். 2022 டிசம்பரில் குமுளி மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்து 8 பேர் இறந்ததும் நமக்கு நினைவிருக்கும்.

பெரிய விபத்துகள் செய்தியாகின்றன. திராட்சைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் நடப்பவை செய்தியாவதில்லை. கட்டுவிரியன் இரவில் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியும்போது "வயிறு வலிக்கிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை" என்று ஒருவர் வருவார். வாயுத் தொல்லை என்று மருந்து கொடுத்து அனுப்பினால் முடிந்தது கதை. பயிற்சி பெற்றவர் தொங்கும் இமையைப் பார்ப்பார், மூச்சைக் கவனிப்பார், செயற்கைச் சுவாசத்துக்குத் தயாராவார். கண்ணாடி விரியன் என்ற சந்தேகம் வந்தால் கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். செலவே இல்லாத சோதனை!

நோயாளியைப் பார்ப்பதோடு இந்த வேலை முடிந்துவிடுவதில்லை. மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. அவர் அவசர சிகிச்சைப் பட்டம் பெற்றவர் அல்ல, பொது மருத்துவ நிபுணர்தான். 1976-ல் பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேர்ந்தார். செந்தேள் கொட்டிய குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள், இறந்துகொண்டும் இருந்தார்கள். அவர் படுக்கையருகே உட்கார்ந்து வியர்வை, குளிர்ந்த கைகால், ரத்த அழுத்தம், நுரையீரலில் நீர் என்று மணிக்கணக்கில் குறித்தார். தேள் விஷம் இதயத்தைத் தாக்குவதன் முன் அறிகுறிகளை 1982-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். பிறகு ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையைப் பயன்படுத்திக் காட்டினார். முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேர் இறந்த நிலை மாறி, இறப்பு மிகச் சிலராகக் குறைந்தது. 2011-ல் 70 நோயாளிகளை வைத்து, பிரசோசினோடு விஷமுறிவு மருந்தும் சேர்ந்தால் குணம் விரைவில் வருகிறது என்று நிறுவினார். 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரிய ஆய்வகம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவருக்கு ஆய்வகமாக இருந்தது அந்த வார்டுதான்.

தேனியில் பணி செய்யும் ஓர் இளம் மருத்துவருக்கும் இதே வாய்ப்பு இருக்கிறது. பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, மலைச்சாலை விபத்து என்று இங்கே வருபவற்றைச் சென்னையில் இருப்பவர் இத்தனை பார்க்க மாட்டார்.

மூன்றாவது, கற்பித்தல். ஹவுஸ் சர்ஜன், செவிலியர், 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108 ஊர்தியின் உதவியாளர் எல்லோரும் கற்றுக்கொள்ளும் இடம் அவசரப் பிரிவுதான். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, ஒருமுறை நேரில் காண்பது வேறு.

அங்கே நமக்கு வரும் கோபத்தையும் சொல்ல வேண்டும். "முதலில் வந்தது நாங்கள்" என்று சண்டை போடுகிறோம். அவசரப் பிரிவில் வந்த வரிசை கணக்கில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று உயிராபத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். நமக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போகிறார் என்றால் நம் ஆள் அவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

கஷ்டங்களும் உண்டு. இரவுப் பணி வரும், பெருநாள் அன்றும் டூட்டி வரும், உறவினர்களின் ஆத்திரத்தையும் தாங்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்பது மட்டும் சரியான காரணமாக நமக்குப் படவில்லை. ஷிஃப்ட் முடிந்தால் வீடு திரும்பலாம். மகப்பேறு மருத்துவருக்குத்தான் நள்ளிரவில் போன் வரும், அதற்கு நாம் தயங்குவதில்லையே! உத்தமபாளையத்தில் 1956-லேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி எழும்பிய மண் இது. கல்வி உதவி தரும் ஜமாஅத்துகள் இந்தத் துறையையும் பட்டியலில் சேர்க்கலாம்.

விபத்து என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், இணைந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகை வரை அரசு கொடுக்கிறது. பணத்துக்காக யாரும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

பாம்பு கடித்தால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், பாம்பைத் தேடி நேரம் போக்க வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது கடித்த நேரத்தைத்தான். அதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.